கேப்டன் ஆழிக்கு வந்த கருத்துகள்

என் சித்தி விஜயலட்சுமிக்கு நாற்பத்தொன்பது வயது. தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் பிறந்து, அதே சந்தில் ஏழு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டவள். மும்பை எல்லையில் இருக்கும் கல்யாண் ஸ்டேஷன் தாண்டி அவள் ரயிலில் போனதெல்லாம் திருநெல்வேலிக்குத்தான். அதுவும் யாராவது செத்தால், யாருக்காவது கல்யாணம் என்றால், கோயில் கொடை என்றால். அப்படிப்பட்டவள் போன வருடம் முழுக்கக் கடலில் பாதி மூழ்கிய ஒரு நகரத்தைக் காவல் காத்தாள்.

‘நீர்நகரம்’ ஒரு அனிமேஷன் தொடர். எந்த நாட்டுக்காரர்கள் வரைந்தது என்று சித்திக்குத் தெரியாது. கேட்டால், “கொரியாவோ என்னமோ, எல்லாத்துக்கும் கண்ணு பெருசு பெருசா இருக்கும்” என்பாள். கதை நடப்பது இன்னும் நூற்றிருபது வருடம் கழித்து. கடல் ஏறிவந்து தெருக்களை விழுங்கிவிட்டது. மனிதர்கள் உயரமான கட்டடங்களின் மேல்மாடிகளில் வாழ்கிறார்கள். அவர்களை நாற்பது வருடமாகக் காப்பாற்றி வருகிறவள் கேப்டன் ஆழி. அறுபத்தேழு வயதாகி, ஒரு நுரையீரலும் கெட்டுப்போன பிறகு, அவள் தன் கவசத்தைக் கழற்றி லூமி என்ற பதினாறு வயதுப் பெண்ணுக்கு மாட்டிவிடுகிறாள். முதல் சீசனின் பன்னிரண்டு பகுதிகளும் இந்த இரண்டு பேருக்கும் நடுவே நடக்கிற சண்டைதான். ஒருத்திக்கு விட மனமில்லை, இன்னொருத்திக்குப் பொறுமையில்லை.

தமிழில் ஆழிக்குக் குரல் கொடுத்தது என் சித்தி.

சித்தி மாட்டுங்காவில் அனந்தகிருஷ்ணன் என்பவர் வீட்டில் பதினோரு வருடமாகச் சமைக்கிறாள். அவர் பாலக்காட்டுக் குடும்பம், அவருடைய அப்பா காலத்திலேயே இங்கே வந்தவர்கள். வெளிமொழிப் படங்களுக்கும் தொடர்களுக்கும் தமிழ்க் குரல் சேர்க்கும் வேலைக்கு ஆள் ஏற்பாடு செய்வது அவர் தொழில். ஒருநாள் சித்தி அவர் வீட்டுச் சமையலறையில் நின்று, கேஸ் சிலிண்டர் கொண்டுவராத ஏஜென்சிக்காரனைப் போனில் திட்டிக்கொண்டிருந்தாளாம். அவர் காப்பி டம்ளரோடு வாசலில் நின்று கடைசிவரை கேட்டுவிட்டு, “விஜயம், இதே கோபத்தை மைக் முன்னாடி நின்னு காட்டுவியா?” என்றாராம்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஐந்து வருடம் அவள் கூட்டத்தில் ஒருத்தி. சந்தையில் கத்துகிற பெண்கள், தீப்பிடித்த கட்டடத்தில் அலறுகிற பெண்கள், ஒரு தலைவலித் தைல விளம்பரத்தில் மாமியார். பிறகு ஆழிக்குப் பேச வரவேண்டிய பெண் டைஃபாய்டில் படுத்துக்கொள்ள, வேறு வழியில்லாமல் அனந்தகிருஷ்ணன் சித்தியை நிறுத்திப் பார்த்தார். சித்தி நான்கு வார்த்தை பேசி, நின்று, மூச்சை இழுத்து, அடுத்த நான்கு வார்த்தை பேசினாள். ஸ்டுடியோவில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்களாம். அது அவளுடைய அப்பா பேசிய விதம். தோல் கிடங்கில் உப்பும் சுண்ணாம்பும் சுவாசித்த மனிதர் கடைசிப் பத்து வருடம் அப்படித்தான் பேசினார்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சித்திக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மூத்தவளான என் அம்மாவைத் தாத்தா தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார். அதனால் அவளுக்கு எந்தக் கடையிலும் கவுன்டர் வேலை கிடைக்கவில்லை என்று முடிவுகட்டி, இளையவளை இந்திப் பள்ளியில் போட்டார். மைக் முன்னால் இதனால் எந்தக் குறையும் இல்லை. இந்த ஊரில் தமிழ் பேசும் குரல்களில் பாதிப் பேர் கையில் இருக்கும் தாளில் தமிழ் வசனம் இந்தி எழுத்தில்தான் இருக்கும். அப்படி எழுதிக் கொடுப்பதற்கென்றே ஒருவர் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருப்பார். அதில் யாரும் வெட்கப்படுவதும் இல்லை.

தமிழில் வரும் மற்ற எதையும், கல்யாணப் பத்திரிகையோ கோயில் நோட்டீஸோ, என் அம்மா மீனாட்சியம்மாள்தான் சித்திக்குப் படித்துச் சொல்வாள். அம்மா இரண்டு வருடம் முன்பு இறந்துபோனாள். நான் அப்போது ஒரு உல்லாசக் கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே செய்தி வந்தது, இறங்க முடியவில்லை. கப்பலேறி ஆறு வருடம் கழித்து இந்த ஜனவரியில்தான் திரும்பி வந்தேன். வந்த இரண்டாம் வாரமே அடுத்த கப்பலுக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்துவிட்டேன். பன்னிரண்டுக்குப் பத்து அறையில், ஆடாத தரையில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் வந்ததும் சித்தி முதலில் கேட்டது ‘நீர்நகர’த்துக்கு ஜனங்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துச் சொல்லத்தான். ஒவ்வொரு பகுதிக்குக் கீழும் ஆயிரக்கணக்கில் கருத்துகள் கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து படித்தேன். பேச்சிராஜா சித்தப்பா செம்பூரில் ஒரு அடுக்குமாடியில் வாட்ச்மேன், அன்று அவருக்கு வார விடுமுறை. மூன்று பேரும் பாயில் உட்கார்ந்திருந்தோம்.

பெரும்பாலும் லூமியைப் பற்றிய சண்டை. ‘பதினாறு வயசுப் பிள்ளை கையில நகரத்தைக் குடுக்கிறீங்களே, முதல்ல அது பிளஸ் டூ பாஸ் பண்ணட்டும்’ என்று ஒருவர். ‘லூமி வந்த பிறகுதான் கதையே நகருது, அதுவரைக்கும் ஒரே இருமல்’ என்று இன்னொருவர். ‘ஆழி கவசத்தைக் குடுத்தது தப்பு. குடுத்துட்டுப் பின்னாடியே போய்க் குறை சொல்றது அதைவிடத் தப்பு’ என்று ஒரு பெண்.

“பாத்தியா, நம்ம ஆச்சி மாதிரியே பேசுதா” என்று சித்தி சிரித்தாள். “லூமியைப் பத்தி இருக்கட்டும். என்னையப் பத்தி எழுதலியா?”

“எழுதியிருக்காங்க சித்தி. ‘ஆழியின் குரல் அருமை.’ இது ஒருத்தர். ‘ஆழிதான் உண்மையான தலைவி.’ இது இன்னொருத்தர்.”

அதற்கடுத்து இருந்தது: ‘ஆழி பேசினா எங்க அத்தை ரேஷன் கடையில சண்டை போடுற மாதிரியே இருக்கு.’ அதை நான் படிக்கவில்லை. விரலால் மேலே தள்ளிவிட்டேன்.

“தலைவியாம்!” சித்தப்பா பாயிலிருந்து எழுந்து கும்பிட்டார். “தலைவி, கொஞ்சம் டீ கிடைக்குமா?”

“நூத்திருபது வருஷம் கழிச்சு வாரும், தாரேன்.”

அன்றிலிருந்து சந்தில் அவள் பெயர் தலைவி. குழாயடியில், மாவு மில்லில், பொதுக் கழிப்பறை வரிசையில்கூட, “ஏ தலைவி, முன்னாடி போ, நீ ஊரைக் காப்பாத்தணும்” என்று கேலி செய்தார்கள். அவள் அந்தக் கேலியை விரும்பினாள். மாட்டுங்காவில் மூன்று வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்தவள், ஸ்டுடியோ நாட்கள் அதிகமானதால் இரண்டை விட்டிருந்தாள். கோபர்கைரனேயில் தனியாக இருக்கும் அவள் மகன் மகேஷ்குமார் மாதம் ஒருமுறை வருகிறவன், இப்போது நண்பர்களைக் கூட்டிவந்து “ஆழி வாய்ஸ்ல ஒன்னு பேசும்மா” என்பான். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “லூமி, என் உடம்பு... கடலுக்கு. என் கவசம்... உனக்கு. என் கோபம்... யாருக்கும் கிடையாது” என்பாள். பையன்கள் கைதட்டுவார்கள்.

மார்ச் கடைசியில் அனந்தகிருஷ்ணனிடமிருந்து போன் வந்தது. சித்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

“விஜயம், ரெண்டாவது சீசன் வந்துடுத்து. ஆனா சேனல்காராளுக்குப் புதுசா ஒரு பைத்தியம் பிடிச்சிருக்கு. ஒவ்வொரு மெயின் ஆர்ட்டிஸ்ட்டும் தன் கேரக்டரைப் பத்தி ஜனங்க எழுதினதுல இருபத்தஞ்சு கமெண்ட் பொறுக்கி அனுப்பணுமாம். தமிழ் எழுத்துல இருக்கணும், இங்கிலீஷ் எழுத்துல தமிழ் எழுதினதெல்லாம் செல்லாதாம். அதை வெச்சுண்டுதான் பழைய குரலா புதுக் குரலான்னு முடிவு பண்ணப் போறாளாம்.”

“நீங்களே பாத்து எடுத்துப் போட்டுருங்க சார்.”

“நான் தொடப்படாது. உன்னைக் கூட்டிண்டு வந்தவனே நான்தானே. லிங்க் அனுப்பறேன், நீயே போடு. ஆத்துல தமிழ் படிக்கறவா யாராவது இருக்காளோன்னோ?”

“எங்க அக்கா மக வந்திருக்கா சார். கப்பல்ல இருந்து.”

“அப்புறம் என்ன? அவளை வெச்சுண்டு முடி. பத்து நாள் டைம்.”

சித்தி என்னிடம் மூன்று முறை கேட்டாள். முதல் முறை நான் கப்பல் ஏஜென்டோடு வீடியோ நேர்காணலில் இருந்தேன், கையைக் காட்டிப் போகச் சொன்னேன். இரண்டாவது முறை மருத்துவப் பரிசோதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். “நாளைக்கு சித்தி” என்றேன். மறுநாள் பாஸ்போர்ட் வேலையாகத் தாணே போய்விட்டேன்.

அவள் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே உட்கார்ந்தாள். எப்படிப் பொறுக்கினாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மகேஷ்குமார் சொல்லிக்கொடுத்த இந்தி மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்திப் பார்த்திருக்கிறாள். பேச்சுத் தமிழில் எழுதியதெல்லாம் இந்தியில் தலையும் வாலும் இல்லாமல் வந்ததால் அந்தப் பொத்தானையே விட்டுவிட்டாள். தொடரின் தொடக்கத்தில் திரையில் வரும் ‘ஆழி’ என்ற எழுத்தின் உருவம் அவளுக்குப் பழக்கம். அந்த உருவம் எங்கெல்லாம் தெரிந்ததோ அங்கெல்லாம் நின்றாள். அதில் கும்பிடும் கைப் படம் போட்ட கருத்துகளாகப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தாள். இதயமும் நெருப்பும் போட்டதில் சிலவற்றையும் சேர்த்துக்கொண்டாள். அவளுடைய போனில் கும்பிடும் கை வருவது காலை வணக்கத்தோடு, சாமி படத்தோடு, இரங்கல் செய்தியோடு. ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டால் அதற்கு மரியாதை என்பதைத் தவிர வேறு அர்த்தம் அவளுக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் காலை, நான் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“ஏட்டி கீதா, ஒரு நிமிஷம். இருபத்தஞ்சும் எடுத்து வச்சுட்டேன். சரியா இருக்கான்னு மட்டும் பாரு.”

நான் வாங்கிப் பார்த்தேன். முதல் படம்: ‘ஆழி அம்மாவின் குரல் கேட்டால் கண்ணீர் வருகிறது.’ இரண்டாவது: ‘ஆழி தலைவிக்கு வணக்கம்.’ கட்டைவிரலால் கீழே தள்ளினேன். மீதியெல்லாம் எழுத்துகளாக ஓடின. போன் அடித்தது, என்னுடைய போன், ஏஜென்ட்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு சித்தி. அனுப்புங்க.”

அனுப்பினாள். அன்று சாயங்காலம் சந்தில் நான்கு வீட்டுக்குக் கேசரி கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து அனந்தகிருஷ்ணன் கூப்பிட்டார். போனில் விவரம் சொல்லவில்லை, சமையலுக்கு வரும் நேரத்துக்கு முன்னால் வரச்சொன்னார். “நீயும் வா. மெயின் ரோல் உறுதியாச்சுன்னா அக்ரிமென்ட் தருவாங்க, தமிழ்ல இருந்தா யாரு படிக்கது” என்று சித்தி என்னையும் கூட்டிப்போனாள். அலமாரியிலிருந்து மாம்பழ நிறப் புடவையை எடுத்துக் கட்டியிருந்தாள். எனக்கும் அதற்குள் கப்பலில் சேரும் தேதி வந்திருந்தது, மே பத்தொன்பது. அதனால் நல்ல மனநிலையில்தான் போனேன்.

அவருடைய மனைவி நாகலக்ஷ்மி மாமி கதவைத் திறந்தார். எப்போதும் நேராகச் சமையலறைக்குப் போகும் சித்தியை அன்று ஹாலில் உட்காரச் சொன்னார். சித்தி உட்காரவில்லை. அனந்தகிருஷ்ணன் மேசையில் சில தாள்களை வைத்திருந்தார். பிரின்ட் எடுத்த படங்கள், பலவற்றில் சிவப்பு வட்டம்.

“விஜயம், அனுப்பறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுப் பாத்தியா?”

“பாத்துதான் அனுப்பினேன் சார்.”

“யாராவது உன்கிட்ட விளையாடிட்டாளா?”

“இல்லியே சார். ஏன்?”

“சுத்தி வளைக்காம சொல்லிடுங்கோ, பாவம்” என்றார் மாமி.

அவர் ஒரு தாளை எடுத்தார், கண்ணாடியைச் சரிசெய்தார். “‘இந்த ஆழி வாயைத் திறந்தா நான் சவுண்டை அணைச்சிடறேன், ஆளை விடுங்க சாமி.’ இது நீ அனுப்பினதுல மூணாவது. இப்படிப் பதினேழு. இருபத்தஞ்சுல பதினேழு, விஜயம். வாஷியில சேனல் ஆபீஸ்ல இதை ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிச் சிரிச்சிருக்கா. தன்னைத் திட்டினதைத் தானே பொறுக்கி அனுப்பின ஆர்ட்டிஸ்ட்டை இப்போதான் பாக்கறோம்னு ஒருத்தன் என்கிட்டயே சொல்றான்.”

சித்தி புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். “அப்படியா சார்.”

“நான் எவ்வளவோ சொன்னேன். எழுத்துதான் தெரியாது, குரல் தங்கம்னேன். அது இன்னும் வினையாப் போச்சு. இனிமே மெயின் ரோலுக்குத் தமிழ் படிக்கத் தெரிஞ்சவாதான் வேணும்னு மெயில் போட்டுட்டா. ஆழிக்குச் சென்னையிலேர்ந்து ஒரு பொண்ணு. முப்பது வயசுகூட இருக்காது. கிழவி மாதிரி மாத்திப் பேசுவாளாம்.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “உன் அக்கா பொண்ணு படிப்பான்னு சொன்னயே?”

நான் சமையலறை வாசலில், மாமி கொடுத்த காப்பியோடு நின்றிருந்தேன். சித்தி என் பக்கம் திரும்பவே இல்லை.

“அவளுக்கு டைம் கிடைக்கல சார். நானேதான் எடுத்துப் போட்டேன். வேற யாருக்கும் இதுல சம்பந்தமில்ல.”

நான் பேசியிருக்க வேண்டும். இரண்டு வார்த்தை போதும். காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைத் தொட்டியில் வைத்துக் கழுவினேன்.

சித்தி அன்று அங்கே சமைத்தாள். மோர்க்குழம்பு, வாழைக்காய் பொரியல், ரசம். மாமி வேண்டாம், வீட்டுக்குப் போ என்று சொல்லியும் கேட்கவில்லை. முடித்துவிட்டுக் கீழே இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காப் பக்கமாக நடந்தாள். ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து போனை என் மடியில் வைத்தாள். மதியம் ஒன்றரை மணி. பள்ளி விட்ட பிள்ளைகளைக் கூட்டிப்போகிற ஆயாக்களைத் தவிர யாருமில்லை.

“இப்ப டைம் இருக்குல்லா? படி. ஒன்னு விடாம படி. நடுவுல நிறுத்தாத. மூஞ்சிய அப்படி வச்சுக்காத.”

படித்தேன்.

‘ஆழியம்மா பேச ஆரம்பிச்சதும் குழாயில தண்ணி வந்துடுச்சான்னு குடத்தோட வாசலுக்குப் போயிட்டேன்.’

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையாகவே சிரித்தாள். “கரெக்டாதான் சொல்லுதான். அங்கதானே பேசப் படிச்சேன். உம், அடுத்தது.”

‘நகரமே முழுகிப்போச்சு, ஆழியோட குரல் மட்டும் முழுகலையே கடவுளே.’

‘லூமி, சீக்கிரம் கவசத்தை மாட்டு தாயி. முதல்ல ஆழிகிட்டேர்ந்து எங்க காதைக் காப்பாத்து.’

‘ஆழிக்குப் பேச சென்னையில ஒரு ஆள்கூடவா கிடைக்கல? பம்பாயில வேலைக்காரியைப் பிடிச்சுப் பேச வச்சிருக்காங்க போல.’

இதற்கு அவள் சிரிக்கவில்லை. “எப்படிக் கண்டுபிடிச்சான்?” என்று கேட்டாள். நான் அடுத்த படத்துக்குத் தள்ளினேன். “இல்ல, நெசமாத்தான் கேக்கேன். குரல்லயா தெரியுது?”

“சும்மா எழுதியிருக்கான் சித்தி.”

“சும்மா எழுதினவனுக்கு எப்படிட்டி சரியா வருது?”

பதினேழையும் படித்தேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் கும்பிடும் கைகள். எதுவுமே பெரிய வசையில்லை. மத்தியான நேரத்தில் பஸ்ஸிலோ கழிப்பறையிலோ உட்கார்ந்து யாரோ போகிறபோக்கில் தட்டிய வரிகள், எழுதியவர்களுக்கே இப்போது நினைவிருக்காது. சித்தி ஒரு மரத்தின் அடிப்பாகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி. இப்ப நான் எடுக்காம விட்டதப் படி.”

“வேண்டாம் சித்தி. வீட்டுக்குப் போலாம்.”

“படின்னா படி.”

ஐந்தாம் பகுதியைத் திறந்து கருத்துகளுக்குள் போனேன். கைப்படமோ இதயமோ இல்லாத, நீளமான கருத்துகள் நிறைய இருந்தன. அவள் அவற்றைத் தொடக்கூட இல்லை. ஏன் என்று கேட்டேன்.

“நீளமா எழுதினா நம்ம மேல கம்ப்ளைன்ட்டுன்னுதானே அர்த்தம். முனிசிபாலிட்டி எழுதினாலும் அதான், உங்க சித்தப்பா பில்டிங் செக்ரட்டரி எழுதினாலும் அதான். நல்லது சொல்லுதவன் எதுக்கு இவ்வளோ எழுதணும்?”

முதல் நீளமான கருத்தைப் படிக்க ஆரம்பித்தேன். எழுதியது ஒரு பெண்.

‘என் அப்பா பஞ்சு மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நின்றுதான் பேசுவார். போன வருடம் தவறிவிட்டார். என் பையன் இந்தத் தொடரை ஓடவிட்டிருந்தான். அடுத்த அறையில் இருந்த எனக்கு ஆழி பேசியது அப்பா பேசியது மாதிரியே கேட்டது. ஓடிவந்து பார்த்தேன். அந்த நிறுத்தத்தை நடித்துக் கொண்டுவர முடியாது, கூட இருந்து கேட்டவர்களுக்குத்தான் வரும். பேசுகிற அம்மா யார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.’

கீழே யாரோ பதில் போட்டிருந்தார்கள்: ‘பெயர் போடவில்லை. நானும் தேடிப் பார்த்தேன்.’

“திருப்பிப் படி” என்றாள் சித்தி.

திருப்பிப் படித்தேன். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. லூமிதான் பிடிக்கும் என்று தொடங்கி, ஆனால் ஆழி இல்லாத காட்சியில் நகரம் காலியாகத் தெரிகிறது என்று முடித்த ஒரு கல்லூரி மாணவன். அடுத்த சீசனில் ஆழியைக் கொன்றுவிடுவார்கள் என்று தெரிகிறது, கொன்றாலும் அவள் குரலை லூமியின் கவசத்துக்குள் பேசவிடுங்கள் என்று கெஞ்சிய ஒருவர். ஒரு பகுதியிலேயே இப்படிப் பதினொன்று. அவள் தொடர்ந்து கேட்டாள். ஒரு இடத்திலும் “நல்லா எழுதியிருக்கா” என்றோ “பாத்தியா” என்றோ சொல்லவில்லை. போனில் சார்ஜ் தீர்ந்து திரை அணைந்தபோதுதான் பேசினாள்.

“அன்னைக்கு நீ எத்தன பாத்த கீதா?”

“ரெண்டு சித்தி.”

“ரெண்டா.”

அவ்வளவுதான். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். வழியில் தாராவிக்குள் நுழையும் இடத்தில் கறிவேப்பிலை வாங்க நின்றாள். திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன். அவள் கறிவேப்பிலைக்காரியிடம், “இதென்ன, இலையா குச்சியா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குரலை நான் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டேன். அவளும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டு பணத்தைக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் சத்தம் குறைந்துவிட்டது. குழாயடியில் “தலைவி” என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள், பதில் கொடுக்கமாட்டாள். விட்டுவிட்ட இரண்டு வீடுகளில் ஒன்றில் மறுபடி சமைக்கச் சேர்ந்துகொண்டாள். மற்றொன்றில் வேறு ஆள் வந்துவிட்டது. சித்தப்பாவிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும், டியூட்டிக்குப் போக ஷூ மாட்டிக்கொண்டே, “எங்க பில்டிங் பிள்ளைக கேக்குதுக, ஆழி பாட்டி எப்ப வரும்னு. நான் என்னட்டி சொல்ல?” என்றார். நான் கப்பலுக்கான சீருடை அளவுகளைப் படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

மே முதல் வாரம் அனந்தகிருஷ்ணன் மீண்டும் கூப்பிட்டார். குரல் தயங்கித் தயங்கி வந்தது.

“விஜயம், கேக்கவே எனக்கு என்னமோ போலருக்கு. ரெண்டாவது சீசன் முதல் எபிசோட்ல ஆழி போயிடறா. கடல்ல அவளோட படகு போறச்சே ஜனங்கள்ளாம் மாடியில நின்னுண்டு அழணும். கூட்டத்துக்கு எட்டுப் பொம்மனாட்டி வேணும். நீ வராட்டா நான் தப்பா நினைக்கமாட்டேன்.”

“வாரேன் சார்” என்றாள் சித்தி. “ஆள் குறையுதுன்னா இவளையும் கூட்டியாரேன். தமிழ்ல அழத் தெரியும்லா.”

நான் மாட்டேன் என்று சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

ஸ்டுடியோ அந்தேரியில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. உள்ளே சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய துணி, குளிர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிறவர், பெயர் பத்ரி, செம்பூர்க்காரர். சித்தியை அவருக்கு நன்றாகத் தெரியும். முதல் சீசன் முழுக்க அவள் பேசப்பேசப் பதிவு செய்தவர் அவர்தான். “வாங்க ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டுக் குனிந்து எதையோ தேடினார்.

எட்டுப் பெண்களும் மைக்கைச் சுற்றி அரைவட்டமாக நின்றோம். திரையில் காட்சி ஓடியது. ஆழி ஒரு படகில் கிடக்கிறாள், இன்னும் உயிர் இருக்கிறது. லூமி அவள் கையைப் பிடித்திருக்கிறாள். ஆழி கடைசியாக ஏதோ சொல்கிறாள். சென்னையில் பதிவு செய்த குரல் அதற்குள் சேர்க்கப்பட்டிருந்தது. சுத்தமான, தெளிவான தமிழ், எங்கேயும் நிற்காமல் வந்தது. இருமல் தனியாக, வசனம் முடிந்த பிறகு வந்தது.

சித்தி கழுத்தைச் சாய்த்துக் கேட்டாள். “நல்லாத்தான் பேசுதா” என்றாள் என்னிடம். “மூச்சுதான் நெறைய இருக்கு.”

படகு நகர்ந்ததும் மாடிகளில் நிற்கும் ஜனங்கள் ‘கேப்டன்! கேப்டன்!’ என்று கத்தி அழ வேண்டும். பத்ரி கையை உயர்த்தி இறக்கினார். கத்தினோம். சித்தியின் சத்தம் மற்ற ஏழு பேரின் சத்தத்துக்கும் மேலே எழுந்தது. ஒரு சாவு வீட்டு வாசலில் நான் நின்றதுபோல இருந்தது. நான் வந்து பார்க்காத சாவு வீடு.

பத்ரி நிறுத்தினார். கண்ணாடி வழியாக அவர் எங்களைப் பார்த்துவிட்டு, பொத்தானை அழுத்திப் பேசினார்.

“சாரி, ஒன்ஸ் மோர். ஆன்ட்டி, உங்க குரல் மட்டும் தனியாத் தெரியுது. செத்துப்போன ஆழியே வந்து அழற மாதிரி இருக்கு. பாக்கிறவங்க கண்டுபிடிச்சிடுவாங்க. கொஞ்சம் பின்னாடி போறீங்களா?”

சித்தி இரண்டடி பின்னால் போனாள். மறுபடி படகு நகர்ந்தது, மறுபடி கத்தினோம்.

“இன்னும் தெரியுது ஆன்ட்டி. இன்னும் பின்னாடி.”

அவள் பின்னால் போனாள். நாங்கள் ஏழு பேர் மைக் அருகில் நின்றோம். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண், உல்லாஸ்நகரிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்தவள், இந்த டேக்காவது முடியட்டும் என்று முனகினாள். மூன்றாவது முறையும் பத்ரி தலையை ஆட்டினார். வாயால் சொல்லவில்லை, கையை மட்டும் காட்டினார். சித்தி அறையின் கடைசிக்குப் போய், பஞ்சு ஒட்டிய கதவில் முதுகு சாய நின்றாள். அங்கே விளக்கு எட்டவில்லை.

திரையில் ஆழியின் படகு கட்டடங்களுக்கு நடுவே போனது. கை இறங்கியது. நான் கேப்டன், கேப்டன் என்று கத்தினேன், என் குரலுக்குப் பின்னால் அவள் குரல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே கத்தினேன். எதுவும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் வாய் முழுக்கத் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“பக்கா” என்றார் பத்ரி. “இப்ப சரியா இருக்கு.”